யாருக்குக் குடிக்கூலி?

ராஜாக்களுக்கு வரும் வியாதிகளில் பொல்லாதது, பக்கத்து ராஜாவைப் பார்த்து வரும் வியாதி. செங்கழனியை ஆண்ட சொக்கலிங்க பூபதிக்கு அதுதான் வந்தது. பக்கத்து நாட்டுக்கு விருந்துக்குப் போனவர், அந்த ராஜா நாலு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார் என்று கேட்டுவிட்டு வந்தார். உட்கார்ந்த இடத்தில் வருமானமாம். உட்காருவதில் நம்மை மிஞ்ச எவன் இருக்கிறான் என்று, வந்த கையோடு தேரடித் தெருவில் மூன்று ஓட்டு வீடுகளைக் கட்டிப்போட்டார்.

வாடகைக்கு அந்த ஊரில் குடிக்கூலி என்று பேர். யாருக்கு விடுவது, எப்படி விடுவது என்கிற நிபந்தனைகளைச் சொல்லும் பொறுப்பு பொக்கிஷதார் திருமேனிநாதரிடம் போனது. அவர் 'படும்' போடாமல் பேச மாட்டார். சாப்பிட்டாயிற்றா என்று கேட்டால் "உண்ணப்பட்டது" என்பார். அப்படிப்பட்டவர் எழுதிக்கொடுத்ததைத் தண்டோராக்காரன் ஊரெல்லாம் கத்தினான். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அடுப்புப் புகை வரக் கூடாது. பிள்ளை அழக் கூடாது. சத்தம் ஆகவே ஆகாது. ஓடு உடைந்தாலும் சுவர் சரிந்தாலும் கிணறு தூர்ந்தாலும் குடியிருப்பவரே பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசியில், "மாதம் பிறந்ததும் அரண்மனையில் குடிக்கூலி தவறாமல் கொடுக்கப்படும். இது ராஜ வாக்கு!"

ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. ஐப்பசி மழையிலும் வீடுகள் பூட்டியே கிடந்தன. நிபந்தனைக்கு அஞ்சாமல் குடியேறியது கரையான் ஒன்றுதான்.

ராஜாவுக்கு எரிச்சல். அது போய் விடிந்தது ஆவுடையப்பன் தலையில். சபையில் சாதுரியம் பேசியே பிழைப்பவர் அவர். நிபந்தனைகளைக் கேட்டதும் களுக்கென்று சிரித்துவிட்டார். அவரைக் கண்டாலே ஆகாத திருமேனிநாதர் சும்மா இருப்பாரா? சிரித்தவரே ஆள் பிடித்து வரட்டும் என்று ராஜாவின் காதில் ஓதினார். கார்த்திகை பிறப்பதற்குள் மூன்று வீட்டுக்கும் ஆள் வர வேண்டும், அதுவும் எல்லா நிபந்தனைக்கும் ஒத்துக்கொண்டு. இல்லையென்றால் ஆவுடையப்பன் குடியிருக்கும் அரண்மனை வீட்டையும் காலி செய்துவிட வேண்டும். ராஜா அப்படியே உத்தரவு போட்டுவிட்டார்.

வீட்டிலோ மகள் வள்ளி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். எட்டாம் மாதம். கூடத்தில் ஓடு ஒழுகி, கீழே வைத்த அண்டாவில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒழுகினாலும் இது வீடு. வயிற்றுப் பிள்ளைக்காரியைக் கூட்டிக்கொண்டு நான் எந்தச் சத்திரத்துக்குப் போவேன்?" என்று மனைவி வடிவு அழுதாள்.

ஊரையே சிரிக்க வைத்த ஆவுடையப்பன், மகள் முகத்தைப் பார்க்க முடியாமல் அண்டாத் தண்ணீரை எடுத்துப்போய் வாசலில் கொட்டினார். அந்த நேரம் பார்த்துத் தெருவில் மறுபடியும் தண்டோரா. கேட்டுக்கொண்டே இருந்தவர், கடைசி வாக்கியம் வந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

நேரே சந்தைக்குப் போனார். அதே தண்டோராவை அவரும் சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. 'குடிக்கூலி' என்ற இடத்தில் 'கூலி'யை மட்டும் கொஞ்சம் அழுத்தினார், அவ்வளவுதான். மறுநாள் அரண்மனை வாசலில் தள்ளுமுள்ளு. அதில் நல்ல ஆளாகப் பார்த்து மூன்று குடும்பத்தைப் பொறுக்கிக் குடிவைத்தார்.

சும்மா சொல்லக் கூடாது, மூவரும் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவர்கள். ஓடு மாற்றினார்கள், கரையானை ஒழித்தார்கள், கிணற்றைத் தூர் எடுத்தார்கள். அடுப்பே மூட்டாமல் அவலை நனைத்துத் தின்றார்கள். அவர்களில் ஒருவரான நாயனக்காரர் சிவக்கொழுந்து, ஊதாமல் விரலை மட்டும் ஆட்டி ஒரு மாதம் பயிற்சி எடுத்தார். ராஜாவுக்கு ஏகக் குஷி.

அடுத்த மாதம் பிறந்தது. மூவரும் சபைக்கு வந்து வரிசையாக நின்று கையை நீட்டினார்கள்.

"குடிக்கூலி வாங்க வந்திருக்கிறோம், மகாராஜா" என்றார் சிவக்கொழுந்து.

ராஜாவின் மீசை துடித்தது. "ஆவுடையப்பா, என்ன கூத்து இது? யார் யாருக்குக் கொடுப்பது?"

"கொடுக்கப்படும் என்றுதானே ராஜ வாக்கு, மகாராஜா? யார் கொடுப்பது என்று பொக்கிஷதார் சொல்லவில்லையே. நடவுக் கூலியை யார் வாங்குவது?"

"நட்டவன்."

"சுமைக் கூலியை?"

"சுமந்தவன்."

"அப்படியானால் குடிக்கூலியை?"

"குடியிருப்பது ஒரு வேலையா?" என்றார் ராஜா.

"மற்ற இடத்தில் இல்லை, மகாராஜா. தங்கள் வீட்டில் வேலைதான். ஓடும் சுவரும் கிணறும் பார்ப்பது வீட்டுக்காரர் பாடு. அதை இவர்கள் செய்தார்கள். வீட்டுக்காரர் வேலையைச் செய்கிறவர்தானே வீட்டுக்காரருக்கு வரும் காசை வாங்க வேண்டும்?"

திருமேனிநாதர், தாம் அவமதிக்கப்பட்டதாக முணுமுணுத்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. ராஜா சிரிக்கத் தொடங்கிவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடித்து, "சரி, நான் எப்படித்தான் வீட்டுக்காரன் ஆவது?" என்று கேட்டார்.

"ஆணியும் அடுப்பும் பிள்ளையும் அவர்கள் பாடு என்று விட்டுவிடுங்கள். மழைக்கு முன்னால் கூரையைப் பாருங்கள். வருகிற காசில் ஒரு பங்கை ஓட்டுக்கென்று ஒதுக்கிவிட்டுப் பிறகு எண்ணுங்கள். ஆளைப் பார்த்து வீட்டைக் கொடுங்கள். கொடுத்தபின் ஆளையே பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்."

அந்த மாதம் யாரும் யாருக்கும் ஒன்றும் கொடுக்க வேண்டாம், அடுத்த மாதம் முதல் வாடகை தனக்கு, கூரை தன் பொறுப்பு என்று ராஜா தீர்ப்புச் சொன்னார். சிவக்கொழுந்து அங்கேயே நாயனத்தை எடுத்து ஊதி ஒரு மாத ஆசையைத் தீர்த்துக்கொண்டார்.

"ஆவுடையப்பா, உன்னை யாரும் காலி செய்யச் சொல்ல மாட்டார்கள். வேறு என்ன வேண்டும், கேள்" என்றார் ராஜா.

ஆவுடையப்பனுக்கு மகள் ஞாபகம் வந்தது, கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடும் வாய் சும்மா இருக்கவில்லை.

"நான் இருக்கும் வீட்டுக்கு வீட்டுக்காரர் தாங்கள்தானே, மகாராஜா?"

"நானேதான்."

"எட்டு வருஷமாகக் கூடம் ஒழுகுகிறது. எப்போது ஏணி எடுத்துக்கொண்டு வருகிறீர்கள்?"

ராஜா தம் தொந்தியைப் பார்த்தார். கூரை இருக்கும் உயரத்தை மனசுக்குள் அளந்தார்.

"அந்த வீட்டை இன்றோடு உனக்கே சொந்தமாகக் கொடுத்தேன்" என்றார். "ஏணியிலும் நீயே ஏறிக்கொள்."