இடது பக்கம் இழுக்கும் துப்பாக்கி

"இந்த மூணுல எது நேராச் சுடும், வாத்தியாரம்மா?"

கேட்டவர் இன்ஸ்பெக்டர் தெய்வநாயகம். ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது. அவர் வாத்தியாரம்மா என்று அழைத்தது தன்னைவிட இருபது வயது இளையவரை.

ரஹ்மத்நிஷா ஆயுதப்படையில் சப்-இன்ஸ்பெக்டர். மாவட்டத்துப் போலீஸ்காரர்களுக்கெல்லாம் சுடக் கற்றுக்கொடுப்பவர். பதவியிலும் தெய்வநாயகம்தான் மேலே. ஆனாலும் மலையடிவாரத்தில் இருந்த அந்தத் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குள் நுழைந்ததும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். கற்றுக்கொள்ள வந்த இடத்தில் அதிகாரம் எதற்கு என்பார்.

மேஜையில் மூன்று கைத்துப்பாக்கிகள் இருந்தன.

பதினோரு வருடமாக அவர் இடுப்பில் தொங்கிய பழைய ரிவால்வர். அதற்குப் பதிலாக வந்திருக்கும் புதிய பிஸ்டல். போட்டிகளுக்கென்றே வைத்திருக்கும் நீளக் குழல் பிஸ்டல்.

"சுட்டுப் பாருங்க ஐயா."

ஒவ்வொன்றிலும் ஆறு முறை சுட்டார். இருபது மீட்டர் தூரம். பிறகு இருவரும் நடந்துபோய் இலக்கு அட்டைகளைப் பார்த்தார்கள்.

போட்டிப் பிஸ்டலின் ஆறு துளைகளையும் ஓர் எலுமிச்சம்பழத்தால் மூடிவிடலாம். புதிய பிஸ்டலுடையதை மூட உள்ளங்கை வேண்டும். இரண்டும் நடுவில்தான் விழுந்திருந்தன.

ரிவால்வரின் ஆறு தோட்டாவும் கறுப்பு வட்டத்தைத் தொடவே இல்லை. ஒரு சாண் தள்ளி, இடது பக்கமாகப் போயிருந்தன.

தெய்வநாயகத்துக்கு அதில் வருத்தம் இல்லை. சந்தோஷப்பட்டார் என்றே சொல்லவேண்டும்.

"பாத்தீங்களா? இது எப்பவும் இப்படித்தான். இடது பக்கம் இழுக்கும்."

அடுத்த வாரம் பழைய ரிவால்வர்களையெல்லாம் உருக்க அனுப்புகிறார்கள். தன்னுடையதன் எண்ணுக்கு எதிரே, இடது பக்கம் இழுக்கும் என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

"உருக்கப்போற இரும்புக்கு அது எதுக்கு ஐயா?"

"அதோட கோளாறாலதான் நான் மனுசனா நடமாடுதேன். போற நேரத்துல அதுக்கு அந்தப் பேராவது இருக்கட்டும்."

ரஹ்மத்நிஷா இரண்டு ஸ்டூல்களை இழுத்துப் போட்டார்.

யாரிடமும் சொல்லாததை அன்று தெய்வநாயகம் சொன்னார்.

பதினோரு வருடத்துக்கு முன்பு ஒரு கொலை. அரிவாளோடு ஓடியவன் ஊருக்கு வெளியே செங்கல் சூளைப் பக்கம் பதுங்கியிருப்பதாகத் தகவல். தெய்வநாயகம் அங்கே போய்ச் சேர்ந்தபோது மழை இறங்குகிற மாதிரி வானம் கறுத்திருந்தது. செங்கல் அடுக்குகளுக்கு நடுவே ஒருத்தன் ஓடினான். கையில் ஏதோ சுருட்டி வைத்திருந்தான். நில்லு என்று மூன்று தடவை கத்தினார். அவன் நிற்கவில்லை.

சுட்டார்.

காலைக் குறிவைத்ததாக ரிப்போர்ட்டில் எழுதினார். உண்மையில் அவர் குறிவைத்தது நடுமுதுகை.

குண்டு அவன் பக்கத்திலிருந்த பச்சைச் செங்கல்லில் போய்ப் பாய்ந்தது. மண் தெறித்து முகத்தில் அடித்ததும்தான் அவன் திரும்பிப் பார்த்தான். சூளையில் வேலை செய்கிற பேச்சிமுத்து. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. மழை வருகிறதே, செங்கல் கரைந்துவிடுமே என்று மூடுவதற்குத் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறான்.

தேடிப்போன கொலைகாரன் மறுநாள் வேறு ஊரில் பிடிபட்டான்.

"அப்போ மாவட்டத்துலேயே குறிபாத்துச் சுடுறதுல நான் முதல் பரிசு வாங்கினவன். அவ்வளவு கிட்டத்துல எனக்குக் குறி தப்பாது. இந்த ரிவால்வரை என் கையில குடுத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்துச்சு. இதுதான் தப்ப விட்டுச்சு. நான் கொல்லப் பாத்தேன், இது மாட்டேன்னுட்டு."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஸ்டேஷனில் மற்ற துப்பாக்கிகளுக்கு ஒரு பொட்டு என்றால், இதற்கு மட்டும் தனிப் பூச்சரம். ஏட்டுகள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். அவர் கண்டுகொண்டதில்லை. வருடா வருடம் பயிற்சியில் அது இடது பக்கமே சுட்டது. மதிப்பெண் குறைந்தது. துப்பாக்கியை மாற்றித் தருகிறோம் என்று சொன்னபோதெல்லாம் வேண்டாம் என்றுவிட்டார்.

"வேற துப்பாக்கியா இருந்திருந்தா அந்த ஆள் செத்திருப்பான், வாத்தியாரம்மா. அவன் பிள்ளைங்க நடுத்தெருவுல நின்னிருக்கும். நான் கொலைகாரன்தான். இந்த இரும்பு என்னைக் காப்பாத்துச்சு."

ரஹ்மத்நிஷா ரிவால்வரை எடுத்துக்கொண்டார். எழுந்து போனார்.

துப்பாக்கிகளைச் சோதிக்க அங்கே ஒரு கனத்த மேஜை உண்டு. அதன்மேல் ஓர் இரும்புப் பிடி. ரிவால்வரை அதில் வைத்துத் திருகி இறுக்கினார். குனிந்து, ஒரு கண்ணை மூடி, குறிமுனையைப் புதிய அட்டையின் நடுப்புள்ளிக்குச் சரிசெய்தார். விசையில் ஒரு கயிற்றைக் கட்டினார்.

"நீங்களும் ஒரு தடவை பாருங்க ஐயா. குறி நடுவுல இருக்கா?"

தெய்வநாயகம் குனிந்து பார்த்தார். நடுவில்தான் இருந்தது.

ரஹ்மத்நிஷா தள்ளி நின்று கயிற்றை இழுத்தார். ஒவ்வொரு தடவையும் குறியைச் சரிபார்த்துவிட்டு மறுபடி இழுத்தார். ஆறு முறை.

அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து தெய்வநாயகத்தின் கையில் கொடுத்தார்.

ஆறு துளைகளும் கறுப்பு வட்டத்துக்கு உள்ளே இருந்தன.

தெய்வநாயகம் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். வேறு துப்பாக்கியை மாட்டிவிட்டீர்களா என்று கேட்டார். ரஹ்மத்நிஷா கைகாட்டிய இடத்தில் போய் ரிவால்வரின் எண்ணைப் படித்தார். அவருக்கு மனப்பாடமான எண்தான்.

"நடுவுல யாராவது ரிப்பேர் பண்ணியிருப்பாங்களோ?"

"பதிவேட்டுல அப்படி எதுவும் இல்ல ஐயா. எண்ணெய் போட்டதோட சரி. கோணின குழல் தானா நிமிராது."

அவர் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். காக்கிச் சட்டையின் மேல்பித்தானைத் தளர்த்திக்கொண்டார்.

"அப்போ இத்தனை வருசமா இதை இடது பக்கம் இழுத்தது..."

முடிக்கவில்லை.  ரஹ்மத்நிஷா ரிவால்வரைப் பிடியிலிருந்து கழற்றி, காலித் தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தார். அதன் பிறகுதான் கேட்டார்.

"திரும்பிப் பாத்தாரே, அந்தப் பேச்சிமுத்து. அப்புறம் என்ன பண்ணினார்?"

இந்தக் கேள்வியை அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. விசாரணையில்கூடக் கேட்கவில்லை.

 தெய்வநாயகம் சொல்லத் தயங்கினார்.

"எனக்கு உடம்பெல்லாம் நடுங்குச்சு. துப்பாக்கி நழுவிக் கீழே விழுந்துட்டு. மழையும் பிடிச்சுக்கிட்டு. அவன் தார்ப்பாயை அப்படியே போட்டுட்டு எங்கிட்ட வந்தான். அடிப்பான்னு நெனச்சேன்."

"அடிச்சாரா?"

"இல்ல. துப்பாக்கி காலடியில கிடக்கு, அதை அவன் ஏறெடுத்தும் பாக்கல. என் வலது கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டான். நடுக்கம் நிக்கிற வரைக்கும் விடல. அப்புறம் அதைத் தூக்கித் தன் கண்ணுல ஒத்திக்கிட்டான். எனக்குக் கூசிப்போச்சு. உருவிக்கிட்டேன்."

மலையிலிருந்து இறங்கிய காற்றில் இலக்கு அட்டைகள் படபடத்தன.

"எதுக்காக அப்படிச் செஞ்சான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கல, வாத்தியாரம்மா."

ரஹ்மத்நிஷா பதிவேட்டைத் திறந்தார். ரிவால்வரின் எண்ணுக்கு நேராக, குறை ஏதும் இல்லை என்று எழுதினார். பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்து, பேனாவை நீட்டினார்.

"கையெழுத்துப் போடுங்க ஐயா."

பேனாவை வாங்க வலது கையை நீட்டிய தெய்வநாயகம் பாதியில் நிறுத்தினார்.

அந்தக் கையைப் பார்த்தார்.

பிறகு மெல்ல அதைத் தூக்கி, தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.