பூட்டுக்கு ஒரு படம்

“டீச்சர், ஒரு பூட்டை இதுக்கு மேல எப்படி அழகாக் காட்டுறது?”

வைரவன் இதைக் கேட்டபோது அவருக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் முன்னால் சிவப்பு வெல்வெட் விரித்த மேசை. மேசைமேல் திறந்த நகைப்பெட்டி. அதில் காசுமாலை, ஒட்டியாணம், நெற்றிச்சுட்டி. எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு திண்டுக்கல் பூட்டு.

ஆக்னஸ் டீச்சர் நின்று நிதானமாகப் பார்த்தார்.

“காசுமாலை நல்லா இருக்குண்ணே. யாருது?”

“கவரிங் டீச்சர். வாடகைக்கு எடுத்தது.”

“அப்படியா. பூட்டு எங்க?”

“நடுவுலதான இருக்கு.”

டீச்சர் குனிந்து பார்த்தார். “ஆமா, இருக்கு,” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

வைரவன் காசுமாலையைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தார்.

*

ஆக்னஸ் டீச்சர் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் டிராயிங் சொல்லிக் கொடுத்தவர். வேலையை விட்டார், பேர் விடவில்லை. இப்போது மதுரை பைபாஸ் ரோட்டில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில், கடைக்காரர்கள் விற்கிற சாமான்களைப் படம் பிடிப்பதற்கு ஜோடித்துக் கொடுக்கிறார்.

கேமராவை அழுத்துவது ஹனிபா பாய். ஆனால் எதை வைப்பது, எங்கே வைப்பது, பின்னால் என்ன துணி, வெளிச்சம் எந்தப் பக்கம், ஒரு கரண்டி இருக்கலாமா கூடாதா என்பதெல்லாம் டீச்சர் சொல்கிறபடிதான். பாய் அதில் வாயே திறக்க மாட்டார்.

டீச்சரின் கண்ணைப் பற்றி ஊரில் நிறையப் பேச்சு உண்டு. அதில் டம்ளர் கதை எல்லோருக்கும் தெரியும்.

ஒரு பாத்திரக்கடைக்காரர் எவர்சில்வர் டம்ளர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். வேறு யாராக இருந்தாலும் நூறு டம்ளரைக் கோபுரமாக அடுக்கிச் சுற்றிலும் ரோஜாப்பூவைத் தூவியிருப்பார்கள். டீச்சர் ஒரு மண்பானையை வைத்தார். அதன் மேல் ஒரு தட்டு. தட்டின் மேல் டம்ளரைக் கவிழ்த்தார். விளிம்போரம் இரண்டு சொட்டுத் தண்ணீரை விட்டார். அவ்வளவுதான்.

கடைக்காரர் படத்தைப் பார்த்தார். நல்லா இருக்கு என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா என்று கேட்டார்.

இது கட்டுக்கதை இல்லை. தண்ணீர் எடுத்துக் கொடுத்ததே ஹனிபா பாய்தான்.

*

வைரவனை டீச்சரிடம் கொண்டுவந்து சேர்த்ததும் அந்த டம்ளர் படம்தான்.

அவருக்கு ஊர் தேவகோட்டைப் பக்கம். வயது ஐம்பது தாண்டிவிட்டது. டீச்சரைவிடப் பெரியவர். கல்யாண மேடை ஜோடிப்பதில் அந்த வட்டாரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தெர்மாகோல் மயில், வெல்வெட் சிம்மாசனம், பிளாஸ்டிக் பூத் தோரணம் என்று ஒரு கொட்டகை நிறையச் சாமான் வைத்திருந்தார்.

ஒரு நாள் காரைக்குடியில் ஒரு பாத்திரக்கடைச் சுவரில் அந்தப் படத்தைப் பார்த்தார். வாங்க வந்த குத்துவிளக்கை மறந்துவிட்டு அங்கேயே நின்றார். இத்தனை வருஷம் நாம் செய்ததெல்லாம் என்ன என்று அவருக்கு நெஞ்சைக் கரித்தது.

மயில்களை மைத்துனர் பொறுப்பில் விட்டுவிட்டு மதுரைக்கு பஸ் ஏறினார்.

டீச்சர் அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டார். ஆனால் டீச்சர் நிற்கும்போது வைரவன் ஒரு நாளும் உட்கார்ந்தது கிடையாது.

வந்த முதல் நாளே அவர் கேட்டார்.

“அந்த டம்ளரை எப்படி யோசிச்சீங்க டீச்சர்?”

“யோசிக்கலண்ணே. தாகமா இருந்துச்சு.”

வைரவன் இதை உபதேசமாக எடுத்துக்கொண்டார். மறுநாள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் ஒரு பிளாஸ்டிக் வாளியை உற்றுப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் உதடு வெடித்ததுதான் மிச்சம். ஹனிபா பாய் வைதுகொண்டே ஒரு சோடாவை வாங்கி வந்து அவர் வாயில் ஊற்றினார்.

*

பூட்டு வேலை அதற்குப் பிறகு வந்தது.

திண்டுக்கல்லில் பூட்டுக் கம்பெனி வைத்திருக்கும் ராஜாங்கம் நேரில் வந்து கேட்டார். ஒரே ஒரு படம். போஸ்டராக அடித்து ஒவ்வொரு இரும்புக்கடைச் சுவரிலும் தொங்கவிடப் போகிறார். பூட்டைப் பற்றிப் பேசும்போது மனிதருக்குக் குரலே மாறியது. தாத்தா காலத்திலிருந்து ஒரு பூட்டுகூடக் கள்ளச்சாவிக்குத் திறந்ததில்லை என்றார்.

டீச்சர் பூட்டைக் கையில் வாங்கினார். எடை பார்த்தார். அப்படியே வைரவன் கையில் கொடுத்தார்.

“இது உங்க படம்ணே. நான் கை வைக்க மாட்டேன்.”

வைரவனுக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷம் பாதி, பயம் பாதி.

மறுநாள் மனைவி அலமேலு போனில் கூப்பிட்டார். மயில்களையும் சிம்மாசனங்களையும் தன் தம்பியே மொத்தமாக எடுத்துக்கொள்ளட்டுமா, இல்லை இவர் திரும்பி வந்து தொழிலைப் பார்க்கப் போகிறாரா என்று கேட்டார். இரண்டும் கெட்டானாக எத்தனை நாள் இருப்பது என்றும் கேட்டார். நியாயமான கேள்விதான்.

இந்தப் பூட்டு முடியட்டும் என்றார் வைரவன். படம் தேறினால் எல்லாம் தம்பிக்கு. தேறாவிட்டால் அடுத்த பஸ்ஸில் ஊருக்கு வந்துவிடுகிறேன்.

நகைப்பெட்டியில் அவர் ஆரம்பித்தது இப்படித்தான்.

*

நகைப்பெட்டி போனது. அடுத்து கதவு.

பழைய வீடுகளை இடித்துச் சாமான் விற்கிறவரிடம் பேசி, செட்டிநாட்டுத் தேக்குக் கதவு ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். லாரியில் வந்தது. படியேற்றுவதற்குள் டைல்ஸ் கடை ஆட்கள் பாதிப்பேர் தோள் கொடுக்க வேண்டியிருந்தது. நிலையில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார். மாவிலைத் தோரணம் கட்டினார். தரையில் தன் கையாலேயே மாக்கோலம் போட்டார். இரண்டு பக்கமும் விளக்கேற்றினார். நடுவில், பித்தளை நாதாங்கியில், பூட்டு.

உண்மையைச் சொல்ல வேண்டும். அழகென்றால் அப்படி ஓர் அழகு. ஹனிபா பாயே கேமராவை விட்டுவிட்டு வாயைப் பிளந்து நின்றார்.

டீச்சர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கிட்டே வந்தார். வைரவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“கோலம் நீங்க போட்டதாண்ணே? இவ்வளவு சுத்தமா இழை நான்கூட இழுத்ததில்ல.”

“நம்ம கைதான் டீச்சர்.”

“வெளக்கு எரியுது. கோலம் ஈரமா இருக்கு. அப்ப வீட்டுல ஆள் இருக்காங்க.”

“ஆமா டீச்சர்.”

“உள்ள ஆள் இருக்கும்போது வெளிய யாரு பூட்டுனது?”

வைரவன் கதவைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். ஹனிபா பாய் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விளக்கை வைரவனே குளிர வைத்தார்.

*

கடைசியாக எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டார். கறுப்புத் துணி. ஒரே ஒரு லைட். வெளிச்சத்தைத் திருப்ப ஒரு தெர்மாகோல் அட்டை. நடுவில் பூட்டு மட்டும்.

பூட்டின் வளைவும், சாவித் துளையும், முகப்பில் வெட்டிய கம்பெனி பேரும் தெளிவாகத் தெரிந்தன. ஒரு தூசி இல்லை. ஒரு கைரேகை இல்லை.

“பூட்டு நல்லாத் தெரியுதுண்ணே,” என்றார் டீச்சர்.

வைரவன் அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தார். அடுத்த வார்த்தை வரவில்லை.

கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இது தாங்கவில்லை.

“நீங்களா இருந்தா என்ன செய்வீங்க டீச்சர்? அதையாவது சொல்லுங்க.”

“நான் சொன்னா அது என் படமாப் போயிருமேண்ணே.”

அதற்குள் ராஜாங்கத்திடமிருந்து போன். நாளைக் காலை அவர் வருகிறார். படம் தயாராக இல்லையென்றால் பம்பாய்க்காரர்களிடம் கொடுத்துவிடப் போகிறார். கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். அதுதான் வைரவனை இன்னும் வதைத்தது.

அவர் சட்டைகளை மடித்துப் பையில் வைத்தார்.

“எனக்கு வராது டீச்சர். மேடைதான் எனக்கு விதிச்சது. நான் ஊருக்குக் கிளம்புறேன்.”

டீச்சர் தடுக்கவில்லை. சாப்பிட்டுப் போங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

“சரிண்ணே. பாய் ஆட்டோ கூப்பிடுவாரு. நாங்க கீழ டீக்கடையில நிக்கிறோம். நீங்க பூட்டிட்டு வாங்க.”

மேல்மாடியைப் பூட்டுவது எப்போதும் டீச்சர்தான். சாவியை வேறு ஆளிடம் கொடுத்து வைரவன் பார்த்ததில்லை.

டீச்சர் கறுப்புத் துணியிலிருந்து பூட்டை எடுத்துச் சாவியோடு அவர் கையில் வைத்தார்.

“பழைய பூட்டு மக்கர் பண்ணுது. இதையே போடுங்க. பாயோட கேமரா, லென்ஸு எல்லாம் உள்ளதான் இருக்கு. அவரு பொழப்பே அதுதான்.”

ஹனிபா பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டீச்சர் அவரைக் கூட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

*

வைரவன் லைட்டை அணைத்தார். கதவைச் சாத்தினார். நாதாங்கியில் பூட்டை மாட்டிச் சாவியைத் திருப்பி எடுத்தார். பையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

படி திரும்புகிற இடத்தில் நின்றார். மேலே ஏறி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தார். நன்றாகப் பூட்டியிருந்தது. இறங்கினார்.

கீழே டீ தயாராக இருந்தது. ஆட்டோ ரோட்டோரம் உறுமிக்கொண்டிருந்தது.

“பூட்டிட்டீங்களாண்ணே?”

“பூட்டிட்டேன் டீச்சர்.”

டீச்சர் டீயை ஆற்றினார். ஹனிபா பாய் மாடியை அண்ணாந்து பார்த்தார்.

வைரவன் டம்ளரைக் கீழே வைத்தார்.

“இந்தா வந்துர்றேன்,” என்று மறுபடியும் படியேறினார்.

பை தோளில் தொங்கியது. சாவி சுண்டுவிரலில் ஆடியது. ஆட்டோக்காரர் காத்திருக்கிறாரே என்று முகம் ரோட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஒரு கால் ஏற்கெனவே இறங்குகிற படியில். வலது கை மட்டும் பின்னால் நீண்டு பூட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தது.

பூட்டு அசையவில்லை.

அப்பாடா என்று இருந்தது அவருக்கு. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அப்போதுதான் தன் கையைப் பார்த்தார்.

பார்த்துக்கொண்டே நின்றார்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் கிளம்புகிற ஒவ்வொரு தடவையும் அலமேலு தெருமுனையில் நின்று அவரைத் திருப்பி அனுப்புவார். அவரும் முணுமுணுத்துக்கொண்டே வந்து இப்படித்தான் இழுத்துப் பார்ப்பார். எதிர்வீட்டு வாத்தியார் இழுப்பார். கடை சாத்தும் செட்டியார் இழுப்பார். இத்தனை வருஷம் இந்தக் கையை அவர் பார்த்ததே இல்லை.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“அண்ணே, ஆட்டோக்காரர் கூப்பிடுறாரு,” என்று கீழேயிருந்து டீச்சரின் குரல் வந்தது.

“போகச் சொல்லிருங்க டீச்சர்.”

“ஏண்ணே?”

“பாயைக் கேமராவை எடுத்துக்கிட்டு உடனே மேல வரச் சொல்லுங்க. நான் கையை எடுக்க மாட்டேன்.”

“கேமரா உள்ளதான இருக்கு,” என்றார் ஹனிபா பாய், படியில் ஏறிக்கொண்டே.

வைரவன் பூட்டைப் பார்த்தார். கையைப் பார்த்தார். கேமரா வேண்டுமென்றால் பூட்டைத் திறக்க வேண்டும். திறக்க வேண்டுமென்றால் கையை எடுக்க வேண்டும். எடுத்தால் இது போய்விடும் என்று பயந்து இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

டீச்சர் ஹனிபா பாய்க்குப் பின்னால் மெதுவாக ஏறி வந்தார். தோளில் தொங்கும் பையை, திரும்பிய முகத்தை, படியில் நிற்கும் காலை, பூட்டை இழுத்த கையை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை ஹனிபா பாய் பார்த்தார்.

“தொறங்கண்ணே,” என்றார் டீச்சர். “திரும்பப் பூட்டுனா, கை தானா அங்க வரும்.”