வாளித் தண்ணீர்

இந்த வாளித் தண்ணீர்க் கதையை நம்பாமலேயே பல வருடங்களாக மாணவர்களுக்குச் சொல்லி வந்தார் அருமைநாயகம். சொல்லும்போது நன்றாக இருக்கும். சொல்லி முடித்து வீட்டுக்கு நடக்கையில் சந்தேகமும் கூடவே நடந்து வரும்.

அவருக்கு அதைச் சொன்னவர் பேராசிரியர் மெஹருன்னிசா. அருமைநாயகத்தின் ஆய்வு நெறியாளர்; வயதில் அவருக்குத் தங்கை மாதிரி. அவர் பணியாற்றிய படைப்பிலக்கியத் துறையில் ஒரு நாவல் எழுதி, கூடவே அதைப் பற்றி ஓர் ஆய்வுரையும் கொடுத்தால் முனைவர் பட்டம்.

அருமைநாயகம் தன் அப்பாவைப் பற்றி எழுதினார். அண்ணனைப் பெல்ட்டால் அடித்த அப்பா. அன்று வீட்டை விட்டுப் போன அண்ணன் திரும்பவே இல்லை.

ஆய்வுரையை முதலில் எழுதி முடித்தார். பிறகுதான் நாவலைத் தொட்டார். அதுதான் ஒழுங்கு என்று நினைத்தார்.

மெஹருன்னிசா இரண்டையும் படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"ஆய்வுரை பிரமாதம் அண்ணாச்சி. நாவல்தான் அதுக்கு முன்னால கையைக் கட்டிக்கிட்டு நிக்குது."

"புரியல மேடம்."

"அப்பா கொடுமைக்காரர்னு ஆய்வுரையில சொல்லிட்டீங்க. நாவல்ல அவரு வாராரு, அடிக்காரு, போறாரு. பாவம் மனுசன், தண்ணி குடிக்கக்கூட நீங்க நேரம் குடுக்கல."

"எங்கப்பா அப்படித்தான் மேடம்."

"அது தெரிஞ்சதுதானே. எழுதும்போது என்ன கெடச்சது?"

எல்லா மாணவர்களிடமும் அவர் கேட்கிற கேள்வி அது. அருமைநாயகத்துக்குச் சுருக்கென்றது.

"பொங்கலுக்குள்ள குடுக்கலைன்னா என் பதிவே ரத்தாயிரும். இனி நீட்டிக்க வழியில்ல. இப்ப வந்து என்ன கெடச்சதுன்னு கேட்டா?"

மெஹருன்னிசா பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றி, டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"உங்களுக்கு முன்னால கோமளம்னு ஒரு பிள்ளை இங்க படிச்சா. அவளும் அடிக்கிற அப்பாவைத்தான் எழுதினா. வாய்மொழித் தேர்வுக்கு வந்தவரு கேட்டாரு, 'இதுல நீ கண்டுபிடிச்சது என்னம்மா?'ன்னு. 'என்னை அடிச்சிட்டு அப்பா புறவாசலுக்குப் போனாரு சார். அடிச்ச கையை வாளித் தண்ணிக்குள்ள விட்டுக்கிட்டு நின்னாரு. எடுக்கவே இல்ல'ன்னா. 'ஏன்?'னு கேட்டாரு. 'தெரியல சார். எழுதுறதுக்கு முன்னால, அவரு அங்க போவாருன்னே எனக்குத் தெரியாது'ன்னா."

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு?"

"வேற கேள்வி இல்லன்னாரு."

"பட்டம் குடுத்தாங்களா?"

"டீ ஆறுது. குடிங்க."

அருமைநாயகம் எரிச்சலோடுதான் வீட்டுக்குப் போனார். வேறு வழி தெரியாமல், அண்ணன் போன மறுநாளை எழுத உட்கார்ந்தார். இந்த முறை அப்பாவை எதுவும் செய்யச் சொல்லவில்லை. சும்மா வீட்டுக்குள் நடமாட விட்டார்.

அப்பா வாசலுக்கு வந்தார். அண்ணன் விட்டுப் போன வார் அறுந்த செருப்பைக் குனிந்து எடுத்தார். கடைத்தெருவுக்குப் போய்த் தைத்து வாங்கி வந்து, கிடந்த இடத்திலேயே போட்டார்.

உண்மையில் அப்பா அப்படிச் செய்தாரா? தெரியாது. ஆனால் எழுதிய பிறகு, செய்திருக்க மாட்டார் என்று சொல்ல வாய் வரவில்லை. அப்பா இறந்தபோது அழாத அருமைநாயகம் அன்றைக்கு அவருக்காக அழுதார்.

பழைய ஆய்வுரையைக் கிழித்தார். புதியதில் அந்தச் செருப்பைப் பற்றி மட்டுமே எழுதினார். கெடு முடிவதற்குள் கொடுத்தார். பட்டம் வந்தது. பிறகு அதே துறையில் வேலையும் வந்தது.

சந்தேகம் அதன் பிறகுதான் வந்தது. நூலகத்தில் கோமளத்தின் ஆய்வேட்டைத் தேடினார். இல்லை. அலுவலகத்தில் விசாரித்தார். "அந்தப் பேர்ல யாரும் படிக்கலையே சார்" என்றார்கள். மெஹருன்னிசாவிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டால், தனக்கு அப்பாவைத் திருப்பித் தந்த கதை கையை விட்டுப் போய்விடுமோ என்று பயம்.

போன மாதம் நாவல் அச்சாகி வந்தது. முதல் பிரதியை எடுத்துக்கொண்டு மெஹருன்னிசாவின் வீட்டுக்குப் போனார். இந்த முறை கேட்டுவிடுவது என்று முடிவு.

"வாங்க அண்ணாச்சி. ஒருவழியா அச்சுக்கு விட்டுட்டீங்க" என்று சிரித்துக்கொண்டே மெஹருன்னிசா புத்தகத்தைத் திறந்தார்.

முதல் பக்கத்தில் 'கோமளத்துக்கு' என்று இருந்தது.

அவர் சிரிப்பு நின்றது. அந்தப் பெயரின் மேல் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை.

அப்படி ஒருத்தி இருந்தாளா என்று கேட்கத்தான் அருமைநாயகம் வந்திருந்தார். இப்போது அது தேவைப்படவில்லை.

"மேடம், அந்த வாளித் தண்ணியை எழுதும்போது உங்களுக்கு என்ன கெடச்சது?"