நாயின் முகத்தில் ஆட்டு ரோமம்

அந்தக் காலத்தில், ஆடும் நாயும் குருவியும் மனிதரோடு சரிக்குச் சரியாகப் பேசிக்கொண்டிருந்தபோது, மடியில் படுக்கும் சின்ன நாய் என்று ஒன்று கிடையாது. நாய் என்றால் கன்றுக்குட்டி உயரம், வழவழவென்று குட்டை மயிர், யாரையும் நேருக்கு நேர் பார்க்கும் கண்.

மலையடிவாரத்தில் பூவாத்தாள் என்பவள் அப்படி ஒரு நாயும், உடம்பெல்லாம் வெள்ளை ரோமம் அடர்ந்த ஒரு குறும்பாடும் வளர்த்தாள். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்தே வளர்ந்தவை.

மழைக்கு முன் ஒருநாள் அவள் விதைத் தினையைப் பாயில் காயவைத்தாள். "பாத்துக்கடா" என்று நாயிடம் சொல்லிவிட்டுத் தண்ணீருக்குப் போனாள். அடுத்த வருஷத்துச் சாப்பாடே அந்த விதையில்தான் இருந்தது. வேலியோரம் ஒரு முயல் ஓடியது. காவலாவது ஒன்றாவது! நாய் அதன் பின்னாலேயே ஓடிவிட்டது. திரும்பி வந்தபோது பாயில் உமிதான் கிடந்தது.

"யாருடா தின்னது?" பூவாத்தாள் இடுப்புக் குடத்தை இறக்கக்கூட இல்லை.

நாய்க்கு நாக்குக் குழறியது. "ஆடு தின்னுருச்சுங்க ஆத்தா."

"நானில்லீங்க ஆத்தா" என்றது ஆடு. "நாய்க்குத் தெரியும்."

ஆடு நாயைப் பார்த்தது. நாய் தரையைப் பார்த்தது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்தப் பாழாய்ப்போன வாய் திறக்கவில்லை.

பூவாத்தாள் விளக்குமாற்றை ஓங்கினாள். ஆடு முள்வேலியில் நுழைந்து, பாதி ரோமத்தை முள்ளிலேயே விட்டுவிட்டு, புலி உலவும் காட்டுக்குள் ஓடிவிட்டது.

மறுநாள் காலை குருவிகள் கூரையில் வந்து உட்கார்ந்தன. "நேத்துத் தினை ரொம்ப ருசிங்க ஆத்தா. இன்னிக்கும் போடுவீங்களா?"

பூவாத்தாள் நாயைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியாமல் நாய் வேலிக்கு ஓடி, முள்ளில் தொங்கிய ரோமத்துக்குள் அதைப் புதைத்துக்கொண்டது. ரோமம் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவமானத்தில் கூனிக் குறுகி, நாய் மூன்றே நாளில் முறத்தில் அடங்கும் அளவுக்குச் சின்னதாகிவிட்டது.

அந்த மூன்று நாளும் அவள் காடெல்லாம் கூப்பிட்டுத் தேடினாள். ஆடு கிடைக்கவே இல்லை. திரும்பி வந்தவள் நாயைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

"உமி கெடந்துச்சே. ஆடு தின்னா உமி மிஞ்சுமா? அதைக்கூட யோசிக்காம அடிக்க ஓங்கினேனே. உன்னை மட்டும் என்னன்னு சொல்றது?" என்று அழுதாள். நாயும் அழுதது. அதற்குப் பேச்சு மட்டும் பிறகு வரவே இல்லை. அவள் சீப்பை எடுத்து, அந்த ஆட்டு ரோமத்தை மெதுவாகச் சிக்கெடுத்தாள்.

அன்று முதல்தான் சின்ன நாய்க்கு மயிர் வெட்ட வெட்ட வளர்கிறது, ஒருநாள் சீவாவிட்டாலும் சடை விழுகிறது, கண்ணுக்குக் கீழே கண்ணீர் வழிந்த பழுப்புக் கோடு துடைக்கத் துடைக்க வருகிறது. ஜன்னலில் ஒரு குருவி உட்கார்ந்தால் போதும், ஊரையே கூட்டிக் குரைக்கும். தனியே விட்டுப் போனால் கதவைப் பிறாண்டி அழும். சீவும்போது கண்ணை மறைக்கும் மயிரை விலக்கிப் பாருங்கள், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஏன் என்று கேட்காதீர்கள். நாய்க்குத் தெரியும்.