மூன்றாம் அறையில் தூங்கியவர்

பாண்டிச்சேரி பிரெஞ்சுத் தெருப் பழைய விடுதியில், மூன்றாம் அறையில் படுத்துத் தூங்கிய ஐயா, நீர் செய்தது நியாயமா? உம்மால் ஒரு கல்யாணமே அந்தரத்தில் தொங்குகிறது.

மாட்டுத் தரகர் வேம்புலி எதையும் சும்மா விடுகிற ஆள் இல்லை. தங்கை மகன் பூவரசனின் கல்யாணத்துக்காக, முதல் நாள் சாயங்காலமே மாப்பிள்ளையையும் மச்சான் காத்தமுத்துவையும் கூட்டிக்கொண்டு அந்த விடுதிக்கு வந்தார். “இருநூறு வருஷத்துக் கட்டடம் சார்” என்று மேனேஜர் பெருமையடித்ததும் பிடித்துக்கொண்டார்.

“பல்லு போன மாட்டுக்குக் கறவை மாட்டு விலையா? வயசுக்குத் தக்கபடி குறைச்சுப் போடு!”

குறைக்க வைத்துவிட்டுத்தான் மூன்றாம் அறைக்குப் படியேறினார்.

ராத்திரி யாரும் கதவைத் தட்டாமல் இருக்க மேனேஜர் ஓர் அட்டை கொடுத்தார். வெளியே மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். விடிந்ததும் கதவைப் பூட்டிக்கொண்டு மூவரும் டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் கதவில் தொங்கிய அட்டையில் எழுதியிருக்கிறது: ‘உள்ளே ஓய்வெடுக்கிறார்கள். தொந்தரவு செய்யாதீர்கள்.’

சாவி வேம்புலியின் இடுப்பில். தாலி அறைக்குள். முகூர்த்தமோ நெருங்குகிறது.

“யாருடா உள்ளே?” என்று கிசுகிசுத்தார் வேம்புலி.

காத்தமுத்து தலைகளை எண்ணினார். “நாம மூணு பேரும் இங்கதான் நிக்கிறோம் மச்சான். அப்போ வேற ஆளுதான்.”

“திறந்துடட்டுமா மாமா?” என்றான் மாப்பிள்ளை.

“அறிவிருக்காடா? தூங்குற மனுஷனை எழுப்புறதா? எந்த ஊர்லேருந்து அலுத்து வந்தானோ!”

“குறட்டைச் சத்தமே கேக்கலையே மாமா?”

“நல்ல குடும்பத்துப் பிள்ளை போல.”

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மூவரும் மூச்சுவிடாமல் நின்றார்கள். மண்டபத்திலிருந்து போன் மேல் போன். வேம்புலி அதைத் துண்டில் சுற்றி அக்குளில் அமுக்கிக்கொண்டார்.

கடைசியில் மேனேஜர் வந்து, சாவியைப் பிடுங்கிக் கதவைத் திறந்தார். கட்டில் காலி.

“சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டான் பாரு!” வேம்புலிக்கு மீசை துடித்தது. “அவனுக்காகக் கால் கடுக்க நின்னோமேடா!”

தாலியோடு மண்டபத்துக்கு ஓடினார்கள். பெண்ணின் அப்பா முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டார். முகம் இறுகிவிட்டது.

“உங்க அறையில தங்கினவர் உங்க வீட்டு ஆள்தானே? அவரைக் கோவிச்சுக்கிட்டுப் போக விட்டுட்டு இங்க தாலி கட்டுவீங்களா? நாளைக்கு ஒரு பேச்சு வராது?”

வேம்புலி பேரம் பேசிப் பார்த்தார். “அவருக்குப் பதிலா வேற ரெண்டு பேரைத் தர்றேன்.”

பெண் வீடு மசியவில்லை. ஐயர் காபி குடிக்க எழுந்து போய்விட்டார். மாப்பிள்ளை மட்டும் தாலியை நீட்டிய கையை இன்னும் இறக்கவில்லை.

ஐயா, போதும் உம்முடைய கோபம். எங்கே இருந்தாலும் உடனே கிளம்பும். தூக்கம் பாக்கியிருந்தால் மணவறையிலேயே படுத்துக்கொள்ளும். ஒருத்தரும் எழுப்ப மாட்டோம். ஆனால் வந்து தொலையும்!