தலைப்பாகையோடு மண்டியிட்டவன்

முன்னொரு காலம். ஒரு காசைக் கண்டால்கூட அரசர்களுக்குப் போர் ஆசை வந்துவிடுகிற காலம். மிளகு வணிகன் ஒருவன் கொண்டுவந்த பொற்காசு வில்லவராயரின் அரசவைக்கு வந்து சேர்ந்தது. அதில் ஒருவர் நிற்கிறார், எதிரே ஒருவர் மண்டியிட்டிருக்கிறார், இருவரும் ஒரே கோலைப் பிடித்திருக்கிறார்கள். எழுத்தோ யாருக்கும் புரியவில்லை.

நாணயச்சாலை அதிகாரி காரிநாயகம் சும்மா இருப்பாரா? "நிற்பவர் தாங்கள்தான், அரசே. மண்டியிட்டிருப்பவன் வடநாட்டு மன்னன். அடங்கிவிட்டதாகக் காசு அடித்துவிட்டு, கப்பம் கட்டாமல் ஏமாற்றுகிறான்" என்றார்.

அரசருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றே படை கிளம்ப முரசு அறையச் சொன்னார். விகடகவி நம்பிக்கூத்தன் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான். அவனுடைய ஒரே மகன் காலாட்படையின் முன்வரிசையில் நின்றான்.

"விகடகவியார் ஏதோ முணுமுணுக்கிறாரே" என்று காரிநாயகம் மாட்டிவிட்டார். அவருக்கு எத்தனை நாள் வயிற்றெரிச்சலோ.

"மறுப்பு இருந்தால் சொல். தவறாகச் சொன்னால் தலை இருக்காது" என்றார் அரசர்.

அந்தச் சபையில் வணங்க வருகிறவன் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். நம்பிக்கூத்தனோ கட்டிய தலைப்பாகையோடு போய் மண்டியிட்டு, அரசரின் செங்கோலை இறுகப் பிடித்துக்கொண்டான். காவலனின் ஈட்டி தலைப்பாகையைத் தட்டிவிட்டு அவன் கழுத்தில் வந்து நின்றது.

"என்ன துணிச்சல் உனக்கு. கையை எடு" என்று உறுமினார் அரசர்.

நம்பிக்கூத்தன் கையை எடுக்கவில்லை. "காசில் உள்ளபடிதான் செய்தேன், அரசே. மண்டியிட்டவன் தலையில் குல்லாய் இருக்கிறது, கையில் கோல் இருக்கிறது. நிற்பவர் தாங்களாக இருந்தால் அவன் தலை தப்பியிருக்குமா?"

அரசர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஈட்டி நகரவில்லை.

"அப்படியானால் நிற்பவர் யார்?"

"தலையைச் சுற்றி வட்டம் தெரிகிறது. அவர்கள் கும்பிடும் தெய்வமாக இருக்கும். மண்டியிட்டவன்தான் அரசன், தெய்வத்தின் கையிலிருந்து கோலை வாங்குகிறான். மிளகுக்காகக் கப்பலில் வருகிறவர்களின் காசு இது. வடநாட்டானுக்குக் கடலும் இல்லை, கப்பலும் இல்லை. அந்தத் தேசத்தின் பெயர் மட்டும் எனக்குத் தெரியாது."

"உமக்குத் தெரியுமா?" என்று அரசர் காரிநாயகத்தைப் பார்த்தார். அதிகாரி தரையைப் பார்த்தார்.

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். முரசை நிறுத்தச் சொன்னார். தாமே குனிந்து தலைப்பாகையை எடுத்து, அந்தப் பொற்காசை அதில் முடிந்து, நம்பிக்கூத்தன் தலையில் வைத்தார். "இனி என் முன்னால் தலைப்பாகையோடு வணங்கும் உரிமை உனக்கு மட்டும் உண்டு."

வெளியே மகன் வாளைக் கழற்றிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்த பிறகுதான் நம்பிக்கூத்தன் அப்படியே மண்ணில் உட்கார்ந்தான்.

"என்னப்பா, தலைப்பாகை கோணலா இருக்கே?" என்றான் மகன்.

"இருக்கட்டும்டா. அதுக்குக் கீழே தலை இருக்கே, அது போதும்."