கீரை நாற்றுக்கு வெண்கொற்றக்குடை

முன்னொரு காலத்தில் செங்கழனி நாட்டை வச்சிரபாகு என்றொரு ராசா ஆண்டுவந்தான். நினைத்ததே சட்டம் அவனுக்கு. ஒரு நாள் அரண்மனைத் தோட்டத்து நாற்றுப் பாத்தியில் ஒரு பிடி தண்டுக்கீரை விதையைத் தன் கையால் தூவினான். அவன் செய்த வேலை அவ்வளவுதான்.

விதையை எறும்பு தூக்காமல் சாம்பல் தூவி, பூவாளியால் நீர் தெளித்துக் காத்தவள் தோட்டக்காரி சடச்சி. ராசா பாத்தியருகே நின்று அவளோடு பேசுவது, சபையில் முதல் ஆசனத்துக்காரரான சூடாமணியாருக்குப் பொறுக்கவில்லை.

"பிரபு! தங்கள் திருக்கரத்தில் பிறந்தவை வெறும் நாற்றா? இளவரசர்கள் அல்லவா!" என்றார்.

ராசா பூரித்துப்போனான். இளவரசர்கள் மேல் வெயில் பட்டால், படவிட்டவர் கை வெட்டப்படும் என்று முரசறைந்தார்கள். பாத்திக்கு வெண்கொற்றக்குடை வந்தது. உழுகிறவன் தலைக்கு ஒரு முழத் துணி இல்லாத நாட்டில் கீரைக்குக் குடை!

நிழலிலேயே கிடக்கும் நாற்று வெளுத்து நெட்டையாகி, பிடுங்கி நட்ட அன்றே சாய்ந்துவிடும். நடுமுன் கொஞ்சம் கொஞ்சமாக வெயில் காட்டியாக வேண்டும். சடச்சி குடையை விலக்கினாள். ஒளிந்திருந்த சூடாமணியார் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

கைகளைப் பின்னால் கட்டி அவளைச் சபையில் நிறுத்தினார்கள். பக்கத்தில் கத்தியோடு சேவகன்.

"இளவரசர்களை வெயிலில் வாட்டினாயா?" என்றான் ராசா.

"ஆமா மகாராசா. அது சின்னக் குத்தம். பெருசு ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடுறேன். நெருக்கமா முளைச்சா ஒண்ணும் தேறாது. அதனால முந்தாநேத்து பாதியை வேரோட பிடுங்கிட்டேன்."

"கொலைகாரி!" சூடாமணியார் துள்ளினார். "பிணங்களை எங்கே மறைத்தாய்?"

"எங்க மறைச்சேன் சாமி? மடப்பள்ளிக்கு அனுப்பினேன். பூண்டு போட்டுக் கடைஞ்சாங்க. நீங்க கேட்டுக் கேட்டு வாங்கித் தின்னீங்களாமே! பிடுங்கின கைக்கு வெட்டுன்னா, மென்ன வாய்க்கு என்ன தண்டனை?"

சூடாமணியார் வாயைப் பொத்திக்கொண்டார். ராசா மெல்லக் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தான். "அடடா, நானும் தின்றேனே!" என்று குலுங்கிச் சிரித்தான். உடனே சபை முழுதும் சிரித்தது. ஒருத்தியின் கை போகவிருந்த இடத்தில் அத்தனை சிரிப்பு!

"பேஷ்! நாற்று நடும்வரை சூடாமணியார் பாத்திக்குக் குடம் சுமக்கட்டும். இந்தா, உனக்குப் பரிசு!" ராசா முத்துமாலையை வீசினான். அது சடச்சியின் காலடியில் விழுந்தது. அவள் குனியவில்லை.

"ஏன், போதாதா?"

"கை இன்னும் கட்டித்தான் கிடக்கு மகாராசா. சிரிச்ச இத்தனை பேர்ல ஒருத்தர் கண்ணுலயும் அது படல."

சிரிப்பு நின்றது. ராசா தலை தாழ்ந்தது. தானே இறங்கிவந்து முடிச்சை அவிழ்த்தான். "வேறு என்ன வேண்டும்? கேள்."

"மாலை வேண்டாம். அந்தக் கத்தியைக் குடுங்க."

"ஐயையோ, அது நீதியின் கத்தி!" என்று அலறினார் சூடாமணியார்.

"இத்தனை நாளும் அது வெட்டினது உழைக்கிற கையைத்தானே சாமி? மோதிரம் போட்ட கை ஒண்ணாவது வெட்டியிருக்கா? இனிமே கீரை அறுக்கட்டும்."

ராசா சேவகனிடமிருந்து கத்தியை வாங்கி அவள் கையில் வைத்தான். செங்கழனி நாட்டில் அதன்பின் எவர் கையும் வெட்டப்படவில்லை. தண்டுக்கீரை மட்டும் அறுக்க அறுக்கத் தழைத்தது, நல்ல வெயிலில்.